திருப்பித் தரப்பட்டது

பழைய ஆபீஸ்காரர்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்து விழுந்தது. புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். லீவு எடுக்கும் நடைமுறை என்று நாலு வரி அடித்தால் போதும், பெட்டி, அம்பு, வட்டம் எல்லாவற்றையும் அதுவே போட்டுப் பத்து விநாடியில் படமாகக் கொடுத்துவிடுகிறதாம். அனுப்பியவர் கீழே எழுதியிருந்தார்: "கிரேஸ் அக்கா, நீங்க காலம் பூரா உக்காந்து வரைஞ்சத இது எப்படிப் போடுது பாருங்க. உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதுங்களேன், எங்களுக்குப் பாடமா இருக்கும்."

பாடமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. லீவு விண்ணப்பம் என்ற காகிதம் படத்தின் கடைசியில் 'ஒப்புதல் ஆனது' என்று நின்றது. ஒப்புதல் கொடுத்தது யார் என்று அம்பு அம்பாகப் பின்னால் போய்த் தேடினேன். ஒருத்தரும் இல்லை. தானாகவே ஒப்புதல் ஆகியிருக்கிறது. குழுவில் முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

இந்தத் தப்பைச் செய்ய அந்தக் கருவிக்குப் பத்து விநாடி ஆனது. எனக்கு நாலு விநாடிதான் ஆயிற்று. பம்மலைச் சேர்ந்த அமுதா என்ற நர்ஸ் வெளிநாட்டு வேலைக்குப் போக வைத்திருந்த ஒரிஜினல் சர்டிஃபிகேட் அத்தனையும் அந்த நாலு விநாடியில் கம்ப்யூட்டருக்குள்ளே அவளிடம் திரும்பிப் போய்விட்டன. அவள் கையில் மட்டும் போய்ச் சேரவில்லை. அனுபவம் கேட்டார்களே, என்னிடம் இருப்பது இதுதான்.

நான் படித்தது பி.காம். குரோம்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எந்த வேலையை யார் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி எழுதி ஃபைல் போடுவதுதான் அங்கே வேலை. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் நுழைந்தேன். என் பதவிக்குப் புராசஸ் அனலிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். மூன்று நாள் பயிற்சி. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் மூன்று நாளும் பீட்சா ஆர்டர் செய்வதைப் படம் போட்டுக் காட்டிவிட்டு, சான்றிதழ் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆபீஸில் நடக்கும் வேலையைப் படமாக வரைவோம். செய்யும் வேலை ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்பு. அந்த வேலையில் கைமாறும் தாளோ தகவலோ ஓரம் மடித்த காகிதம் மாதிரி ஒரு சின்னம். அதற்கு டேட்டா ஆப்ஜெக்ட் என்று பெயர். காகிதத்தின் பெயருக்குக் கீழே அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத வேண்டும்: பெறப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, அனுப்பப்பட்டது. கடைசியில் ஒரு தடித்த வட்டம், வேலை முடிந்தது. இந்தப் படத்தை வைத்துத்தான் புரோகிராமர்கள் சாஃப்ட்வேர் எழுதுவார்கள்.

இதில் நாங்கள் அப்போது படம் வரைந்த கருவியின் லட்சணத்தைக் கேளுங்கள். அம்பு பெட்டியைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் சிவப்பு விளக்கு போட்டு ஊரைக் கூட்டும். ஆனால் காகிதத்துக்குக் கீழே நிலை என்று நீங்கள் எதை அடித்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். சரிபார்க்கும் பெட்டியே இல்லாமல் சரிபார்க்கப்பட்டது என்று அடிக்கலாம். அது வெறும் எழுத்து. ஒரே காகிதத்தை ஐந்து இடத்தில் வரைந்தால் அதற்கு அவை ஐந்து தனித்தனிக் காகிதங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் சொந்தபந்தம் கிடையாது. முடிவில் ஒரு பச்சை டிக் போட்டுப் பிழை ஏதும் இல்லை என்று சொல்லும். அந்தப் பச்சை டிக்கைப் பார்த்து நாங்களும் நிம்மதியாகச் சாப்பிடப் போவோம்.

என் மேலதிகாரி ரங்கராஜன் சார். நல்ல மனுஷர், கெட்ட வார்த்தை பேச மாட்டார், யாரையும் பெயருக்குப் பின்னால் 'மா' போடாமல் கூப்பிட மாட்டார். ஆனால் ஒரு படத்தை அவர் படித்து நான் பார்த்ததில்லை. பிரிண்ட் எடுத்த தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொள்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். எங்கேயாவது கண்ணை உறுத்தினால் அங்கே சிவப்புப் பென்சிலால் ஒரு சுழி. அதன் பிறகு அவருடைய கேள்விப் பட்டியல் வரும். எல்லா அம்புக்கும் தலை இருக்கிறதா, எல்லாப் பெட்டியும் ஒரே அகலமா, எல்லாக் காகிதத்துக்கும் கடைசி நிலை உண்டா. ஒவ்வொன்றுக்கும் நேரே ஆம் என்று எழுதி இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். இதற்கெல்லாம் மேலே அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. படம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டாம் பக்கம் போனால் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசிக்க ஆரம்பித்துவிடுவாராம். அவர் யோசித்துவிட்டால் என்ன ஆவது?

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஏஜென்சிக்கு வேலை வந்தது. நர்ஸுகளை வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவர்கள். நர்ஸின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி, ஸ்கேன் செய்து, படித்த காலேஜில் விசாரித்து, அரசாங்க முத்திரை வாங்கி வந்து, விவரத்தை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஃபைலை மூடுவார்கள். அங்கே மேனேஜர் விஜயகுமார் என்பவர் மீட்டிங் ரூமில் உட்கார வைத்து காபி கொடுத்து இரண்டு மணி நேரம் பேசினார். கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கலாமா என்றேன். "அவங்களுக்கு இதெல்லாம் புரியாது மேடம்" என்றார். நானும் சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

படம் ஒரு பக்கத்துக்குள் கச்சிதமாக வந்தது. ரங்கராஜன் சார் கையை நீட்டிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பட்டியலுக்கு வந்தார். கடைசி நிலை என்ற கேள்வியில் பென்சில் நின்றது.

"கிரேஸ்மா, இந்த ஒரிஜினல் சர்டிஃபிகேட் 'முத்திரையோடு வந்தது'ன்னு நிக்குது. அப்புறம்?"

"அப்புறம் அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவாங்க சார்."

"அது படத்துல இல்லையே. தொங்குதே."

"யார் கொடுக்கறாங்க, எப்ப கொடுக்கறாங்கன்னு கேக்கல சார். போன் பண்ணிக் கேட்டு ஒரு பெட்டி போட்டுடறேன்."

"பெட்டி போட்டா ரெண்டாம் பக்கம் போயிடும்மா. நாலு மணிக்கு அவங்க கையெழுத்துப் போட வராங்க. காகிதத்த மட்டும் ஒண்ணு கடைசியில வச்சிடுங்க. சின்னதுதானே, இடம் இருக்கு."

இடம் இருந்தது. பழைய காகிதத்தைக் காப்பி எடுத்து, முடிந்தது என்ற வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, ஃபைலை மூடும் பெட்டியிலிருந்து அதற்கு ஓர் அம்பு இழுத்து, கீழே 'திருப்பித் தரப்பட்டது' என்று அடித்தேன். கொடுக்கிற ஆள் இல்லை, வாங்குகிற ஆள் இல்லை, கொடுக்கும் வேலை என்று ஒரு பெட்டி இல்லை. கருவி பச்சை டிக் போட்டது. பட்டியலில் ஆம் என்று எழுதி இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். இது தப்பு என்று எனக்குத் தெரியாது என்று யாராவது என்னைக் காப்பாற்ற வந்தால் வேண்டாம். தெரியும். தெரிந்துதான் அடித்தேன். அடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டேன்.

புரோகிராமர்கள் தங்கமானவர்கள். படத்தில் இருப்பதை அப்படியே எழுதினார்கள். ஃபைல் மூடியவுடன் சர்டிஃபிகேட்டின் நிலை தானாகவே 'திருப்பித் தரப்பட்டது' என்று மாறிவிடும்.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்து மூன்று மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை புகார்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிரவீன் என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், ஒரு நர்ஸ் திரும்பத் திரும்பக் கம்ப்ளெயின்ட் போடறாங்க. ஒரிஜினல் இன்னும் கைக்கு வரலையாம். சிஸ்டத்துல கொடுத்தாச்சுன்னு இருக்கு. மூணு வாட்டி க்ளோஸ் பண்ணிட்டேன், மறுபடி ஏஜென்சி மூலமா ஓப்பன் பண்றாங்க. வர்ற வியாழக்கிழமை விசாவுக்கு ஒரிஜினலோட போகணுமாம்."

"வாங்கி எங்கயாவது வச்சிட்டு நம்ம தலையில கட்டறாங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். முகம் தெரியாத ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் பொய்யை நிரூபிக்கலாம் என்றுதான் படத்தைத் திறந்தேன்.

வட்டத்துக்குப் பக்கத்தில் அந்தக் காகிதம் நின்றது. அதற்குள் வரும் அம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். 'ஃபைலை மூடு' என்ற பெட்டியிலிருந்து வந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் திரும்பப் போகவில்லை, யாருக்குமே எதுவும் திரும்பப் போயிருக்காது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ரங்கராஜன் சார் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அமைதியாகப் பழைய ஃபைலை எடுத்துப் பட்டியலைப் புரட்டினார்.

"ரிவியூ பாஸ் ஆயிருக்கும்மா. வாடிக்கையாளர் கையெழுத்தும் இருக்கு. படத்துல இருக்கறதுதான் சிஸ்டத்துல வந்திருக்கு. நம்ம பக்கம் தப்பே இல்லையே."

"சார், அத நான் சும்மா போட்டேன். நீங்க சொல்லித்தான் போட்டேன்."

"சும்மா போட்டதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

இல்லை. அதற்கு எங்கள் பட்டியலில் ஒரு கேள்வி கிடையாது.

"அவங்க மாற்றக் கோரிக்கை அனுப்பட்டும், படத்துல திருத்திடலாம். நீங்க அவங்களுக்கு மெயில் போடுங்க. நேரா போயிடாதீங்க, அது நடைமுறை இல்ல."

மெயில் போட்டேன். வெள்ளி போனது, திங்கள் போனது, செவ்வாய் போனது, புதனும் போனது. ஒவ்வொரு நாளும் பதில் வந்ததா என்று பார்த்துவிட்டு, சரி நாளைக்கு வரும் என்று சிட்லபாக்கத்து வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன். ஏஜென்சி இருந்த மேற்குத் தாம்பரம் ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். ஓய்வு பெற இன்னும் ஒன்றேகால் வருஷம் இருக்கிறது, எதற்கு வம்பு என்று உட்கார்ந்திருந்தேன். ரங்கராஜன் சாரைப் பார்த்து இத்தனை நேரம் சிரித்தேனே, அந்த ஆறு நாளில் எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல், லீவு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏஜென்சி கவுன்டர் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும் ஒரு பெண், மடியில் காலி ஃபைல். பக்கத்தில் அவள் அம்மா. அம்மா பேசுவது வாசல்வரை கேட்டது.

"இன்னா சார் இது, குட்த்துட்டேன் குட்த்துட்டேன்னு சொல்லிக்கினே கீறீங்க. என்னிக்கு குட்த்த, யார் கையில குட்த்த, அத்த சொல்லு. வூட்ல மூணு வாட்டி பீரோவக் கொட்டித் தேடியாச்சு. இவ ஆஸ்பத்திரில பார்த்துக்கினு இருந்த வேலையயும் உட்டுட்டு நிக்கிறா."

விஜயகுமார் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்கம்மா, திருப்பித் தரப்பட்டதுன்னு இருக்கா? நான் சொல்லல, சிஸ்டம் சொல்லுது."

கவுன்டரில் ஹெலன் என்ற பெண் இருந்தாள். நான் யார் என்று சொல்லிவிட்டு, முத்திரை போட்டு வரும் ஒரிஜினல்கள் எங்கே போகும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நாலு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

"கூரியர்ல கட்டா வரும் மேடம். அட்டெண்டர் வாங்கி சார் ரூம் பீரோல வச்சிடுவாரு. முன்னாடி ஒரு நீள நோட்டு இருந்துச்சு. நான் எல்லாருக்கும் போன் பண்ணி வரச்சொல்லி, எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்குவேன். கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டெல்லாம் வேணாம், திரையில வர்ற லிஸ்ட்டப் பார்த்து வேலை செய்னு சொல்லிட்டாங்க. திருப்பிக் கொடுக்க வேண்டியவங்க லிஸ்ட்டுல ஒரு பேர்கூட இதுவரைக்கும் வரவே இல்ல மேடம்."

எப்படி வரும்? ஃபைல் மூடிய நொடியே எல்லாருக்கும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேனே.

விஜயகுமாரை அவர் அறைக்குக் கூட்டிப்போய்ப் பீரோவைத் திறக்கச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேடம், நீங்களே செஞ்ச சிஸ்டம். திருப்பித் தர வேண்டியது எத்தனைன்னு பாருங்க. பூஜ்யம். பூஜ்யம்னா பீரோல எப்படி இருக்கும்?"

"சார், தயவுசெஞ்சு திறங்க."

"இருக்காது மேடம். இருந்தா காட்டும்."

இதைச் சொன்னபோது பீரோ சாவி அவர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. அந்த மனுஷர் சோம்பேறி இல்லை, திருடரும் இல்லை. உண்மையாகவே நம்பினார். நான் அடித்த இரண்டு வார்த்தையை அவர் தன் பீரோவைவிட நம்பினார். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் கேவலமாகவும் இருந்தது.

அம்மாதான் எழுந்து வந்தாள். "நீ தொறக்கிறியா, நான் ஒடைக்கட்டா?"

திறந்தார். நடுத்தட்டு முழுக்கப் பழுப்புக் கவர்கள், கூரியர் கயிறுகூட அவிழ்க்கவில்லை. நாற்பதுக்குக் குறையாது. ஹெலன் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பெயரைப் படித்தாள். மூன்றாவது கட்டில் அமுதா என்ற பெயர் இருந்தது. கவரின் மேல் வந்த தேதி ஒட்டியிருந்தது. ஏழு வாரமாக அங்கேயே இருந்திருக்கிறது.

"எத்தனை மணிக்கு விசா அப்பாயின்ட்மென்ட்?" என்று நான் கேட்டேன்.

"காலையில பத்து மணிக்கு மேடம்" என்றாள் அமுதா. "போயிருந்தேன். ஒரிஜினல் இல்லாம உள்ளயே விடல. ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டேன். லிஸ்ட்டுல அடுத்தவங்களக் கூப்பிட்டுட்டாங்களாம். இப்பதான் பதில் வந்துச்சு."

விஜயகுமார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அமுதா கவரைப் பிரித்து, பத்தாவது, பன்னிரண்டாவது, நர்ஸிங் டிகிரி, கவுன்சில் பதிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணி, தன் ஃபைலில் வைத்தாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

ஹெலன் என்னைப் பார்த்தாள். நோட்டு இல்லை. திரையிலும் அப்படி ஓர் இடம் இல்லை. நான் வரைந்த படத்தில் அது இல்லாததால் எங்கேயும் இல்லை. பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அவள் முன்னால் வைத்தேன். நர்ஸுகளுக்கு எழுதிப் பழக்கம் அதிகம் போலிருக்கிறது. தேதி, மணி, சர்டிஃபிகேட் ஒவ்வொன்றின் பெயர், எல்லாம் வரிசையாக எழுதினாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதியவள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"யார்கிட்ட இருந்து வாங்கினேன்னு எழுதறது? உங்க பேர் என்ன மேடம்?"

"கிரேஸ்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் எழுதி முடிக்கும்வரை நின்றேன், பிறகு முடியவில்லை. "உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர்ல வரும்படி எழுதினது நான்தாம்மா. யாரையும் கேக்காம எழுதிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளில் கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடினாள், ஃபைலை அம்மா கையில் கொடுத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்" என்றாள். "நீங்க கொடுத்த ஃபாரம் ஒவ்வொண்ணுலயும் என் போன் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கேன்."